தூங்க வைக்கும் புண்ணியவான்கள்

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று இங்கே ஒருவன் வாயைத் திறந்தால் போதும், ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் அவனைச் சங்கடப்படுத்துவதில்லை. நேரே மருந்துக்குப் போய்விடுவார்கள். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் கசகசா என்பார். டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தாமலே சாதிக்காய் என்பார். பெஞ்சில் தினத்தாளுக்குப் பின்னால் இருப்பவர் தாளை இறக்காமல், "உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்க சார், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்" என்பார். காசு கேட்க மாட்டார்கள், நன்றியும் எதிர்பார்க்க மாட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு நாலாவது டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவனிடம் அந்த டீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நாகரிகமும் அவர்களுக்கு உண்டு. உடம்புக்குள் போன காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுப்பார்களா?

சிதம்பரம் தேர் வீதிகளில் ஒன்றில் உள்ள நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றேன். "தூக்கத்துக்கு ஏதாவது..." என்று இழுத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதெல்லாம் இங்கிலீஷ் மருத்துவக்காரர்களின் பழக்கம். "அமுக்கராவா, சடாமாஞ்சிலா? கால் கிலோ கட்டட்டுங்களா, அரைக் கிலோவா?" என்றார். வயது, குறட்டை, ரத்த அழுத்த மாத்திரை, வீட்டுக் கடன், பெண்ணுக்கு வரன் அமையாதது, எதுவும் குறுக்கே வராத சுத்தமான வைத்தியம். பத்து நாளில் தூக்கம் வரவில்லை என்று திரும்பிப் போனால், "ஒரு மண்டலம் சாப்பிடணுங்களே" என்பார். 48 நாளில் எந்த மனிதனும் சில ராத்திரியாவது அசந்து தூங்கிவிடுவான். அந்தப் பெருமை பொட்டலத்துக்குப் போய்விடும். எவ்வளவு பொறுமையான மருந்து!

அமுக்கராவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியான ஆய்வு, அது தூக்கத்தைச் சிறிதளவு கூட்டுகிறது என்றே சொல்கிறது. 'சிறிதளவு' என்ற சொல் மட்டும் டப்பாவில் இடம் போதாமல் விடுபட்டுப் போகிறது. டென்மார்க் அரசு 2023இல் அதைத் தடை செய்ததும், அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருப்பதும் அதே இடப் பற்றாக்குறையால்தான் விடுபடுகின்றன. மூலிகையில் பக்க விளைவு கிடையாது என்ற ஒரே வரிக்கு மட்டும் எப்போதும் இடம் இருக்கும்.

கசகசாவின் கீர்த்தி இதைவிடப் பெரிது. அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தால் பிள்ளையும் தூங்கும், கிழவரும் தூங்குவார் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. அதன் வீரியத்தை நாம் சந்தேகப்பட்டாலும் சிங்கப்பூரும் துபாயும் சவூதியும் சந்தேகப்படவில்லை. அபினிச் செடியின் விதை என்று சொல்லி, கொண்டு வருகிறவர்களைப் பிடித்து வைக்கிற அளவுக்கு மரியாதை கொடுக்கின்றன. பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் மசாலாப் பொட்டலத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பிரித்துப் பார்ப்பது இதனால்தான். விதையில் உள்ள மயக்கச் சத்து மிகக் குறைவு, அதுவும் செடியின் பால் ஒட்டியிருந்தால்தான் உண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் கழுவிய விதையை நம்பிப் படுக்கிறவர் பெரும்பாலும் அந்தச் சூடான பாலை நம்பித்தான் படுக்கிறார். அந்தப் பாலிலோ, தூக்கத்துக்கு உதவும் என்று சொல்லப்படும் டிரிப்டோபான் ஒரு டம்ளருக்குச் சுமார் 100 மில்லிகிராம். பரிசோதனைகளில் கொடுத்துப் பார்த்த அளவு ஒரு கிராமும் அதற்கு மேலும். பத்து டம்ளர் குடித்தால் கணக்கு நேராகும், ராத்திரி முழுக்கக் கொல்லைக்கு நடப்பதும் உறுதியாகும்.

சாதிக்காய்க்கு ஒரு சிட்டிகை என்றுதான் பாட்டிகள் சொன்னார்கள். இப்போதைய வைத்தியர்கள் தாராள மனசுக்காரர்கள், ஒரு ஸ்பூன் என்கிறார்கள். ஐந்து கிராமைத் தாண்டினால் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவார்கள். தனியாகப் படுத்திருக்கும் முதியவர்களுக்குத் துணைக்கு ஆள் வந்தமாதிரி இருக்கும் என்று யோசித்தார்களோ என்னவோ.

சடாமாஞ்சில் இமயமலையில் வளரும் செடி. வேர்க்கிழங்கோடு பிடுங்கிப் பிடுங்கி, அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளின் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். மலைச்சரிவில் ஒரு இனம் கண் மூடினால்தான் புவனகிரியில் ஒருத்தர் கண் மூட முடியும் என்றால் அதுவும் ஒரு தியாகம்தானே. மருதாணிப் பூவை மட்டும் இந்த வரிசையில் வைக்க மாட்டேன். தலையணைக்கடியில் ஒரு கொத்து வைத்தால் தூக்கம் வருமோ வராதோ, வாசனை நன்றாக இருக்கும். யாரும் அதை இன்னும் மாத்திரையாக உருட்டவில்லை.

இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவர்கள் கைபேசிக்குள் இருக்கிறார்கள். 'ஐந்தே நிமிடத்தில் ஆழ்ந்த உறக்கம்' என்ற காணொளி பதினெட்டு நிமிடம் ஓடும். அதை மனிதர்கள் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி ஒரு மணிக்கு. முடிந்ததும் தானாக அடுத்தது வரும்: 'தூங்கும் முன் இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்'. அது என்ன தப்பு என்று தெரிந்துகொள்ள முழித்திருக்க வேண்டும். நீல வெளிச்சத்தை முகத்தில் அடித்து, நீல வெளிச்சம் ஆகாது என்று கற்றுக் கொடுக்கும் இந்த ஆசிரியர்களுக்கு இணையான குருகுலத்தைப் பாரதம் கண்டதில்லை.

ஆனாலும் இதெல்லாம் சில்லறை வைத்தியம். மொத்தமாக, ஊர் ஊராக, அழைக்காமலே வந்து வாசனை வைத்தியம் செய்கிறவர்கள் கடலூருக்குத் தெற்கே இருக்கிறார்கள். மேல்நாட்டில் லாவெண்டர் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கித் தலையணையில் தெளித்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறார்கள், பாவம். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. சிதம்பரம் சாலையில் உப்பனாற்றங்கரையை ஒட்டி 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ரசாயனம், மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அன்றிலிருந்து ராத்திரி வாசனை இலவசம்.

பகலில் ஜனங்கள் வயலுக்கும் வேலைக்கும் போயிருப்பார்கள், வாசனை வீணாகிவிடும் என்ற அக்கறையோ என்னவோ, ராத்திரியில்தான் கூடுதலாக வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இயற்கையும் ஒத்தாசை செய்கிறது. ராத்திரியில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்று மேலே ஏறாமல் தேங்கி நிற்கும், அதில் கலந்த வாயுவும் பாயில் படுத்திருக்கிறவன் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். கட்டிலில் படுக்கிறவனைவிடத் தரையில் பாய் விரித்தவனுக்கு இரண்டு மடங்கு சேவை. ஏழைக்கு முன்னுரிமை தரும் திட்டம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கல்வியில் அந்த ஊர்ப் பெண்கள் அடைந்த தேர்ச்சியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அழுகிய முட்டை வாடை, அழுகிய முட்டைக்கோஸ் வாடை, நகப்பூச்சு வாடை, பிண வாடை என்று பிரித்துச் சொல்வார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் எது வரும் என்பதும் தெரியும். இவர்கள் இந்த வித்தையை வீணாக்காமல் 2004 வாக்கில் ஊர்க் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள்; எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை என்று குறித்து வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலையோரத்து ஜனங்கள் 1990களில் கையாளத் தொடங்கிய முறை அது. கடலூர்க் காற்றில் இருபதுக்கு மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன, சில புற்றுநோய் தருபவை. இத்தனை சரக்கு ஒரே மூச்சில் எந்த லேகியத்தில் கிடைக்கும்? நாக்பூரில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி செய்த ஆய்வு ஒன்று 2008இல் செய்தித்தாள்களுக்கு வந்தது. அந்தப் பகுதியில் புற்றுநோய் அபாயம் மற்ற இடத்தைப் போல் குறைந்தது 2000 மடங்கு என்றது. மறு வருஷமே அகில இந்திய அங்கீகாரமும் கிடைத்தது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்ததாகத் தேர்ந்தெடுத்த 43 தொழில் பகுதிகளில் கடலூர் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து நான்கு ஊர்கள்தான் தேறின.

ஊர்க் கண்காணிப்புக் குழு சேர்ந்த அதே 2004இல் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடனும் ரேச்சல் ஹெர்சும் ஒரு சின்னச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தூங்குகிறவர்கள் மூக்கருகே புதினா வாசனையையும் பிரிடின் என்ற நாற்றம் பிடித்த ரசாயனத்தையும் காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய யாரும் எழுந்திருக்கவில்லை. சத்தம் போட்டால் எழுந்தார்கள். மனிதனின் காது காவலிருக்கிறது, மூக்கு தூங்கிவிடுகிறது. கண் எரிந்து, இருமல் பிடித்து உலுக்கினால்தான் உண்டு.

இதைப் படித்த பிறகுதான் நம் இயற்கை வைத்தியர்களின் சேவை எவ்வளவு மகத்தானது என்று எனக்கு உறைத்தது. ஈச்சங்காட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டி, வந்தால் ஜன்னலைச் சாத்தி, பேரப்பிள்ளையின் மூக்கில் முந்தானையைப் போர்த்தும் கிழவிதான் அந்தத் தெருவில் வேலை செய்யும் ஒரே எச்சரிக்கைக் கருவி. அவளுக்குத் தூக்கமின்மை என்ற நோய் இருக்கிறது என்று சொல்லி ஒரு டம்ளர் கசகசாப் பாலைக் கொடுத்துவிட்டால் கருவி நின்றுவிடும். வாயு வரும், போகும். புகார் சொல்ல ஆள் இருக்காது. எத்தனையோ விதியும் வாரியமும் ஆய்வுக் குழுவும் போட்டுச் செய்ய முடியாத காரியத்தை அரைப் பலம் கசகசா செய்து முடிக்கும். கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்புக் கணக்கில் முதலில் சேர்க்க வேண்டிய செலவு இதுதான், ஏனோ இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு கூத்து. அதே தொழிற்பேட்டையின் பக்கத்தில், நொச்சிக்காட்டு மணலில், வெட்டிவேர் பயிராகிறது. குளிர்ச்சிக்கும் நல்ல தூக்கத்துக்கும் என்று ஊரெல்லாம் விசிறியாகவும் தலையணையாகவும் போகிற வேர். அதைத் தோண்டி எடுத்து, அலசி, காயவைத்துக் கட்டி அனுப்புகிறவர்கள் ராத்திரியில் என்ன வாசனையில் படுத்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தலையணை சொல்வதில்லை. வாங்குகிறவர் நிம்மதி கெடக்கூடாது அல்லவா?

மின்சார வாரியத்தையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில்தான் மூளை மெலடோனினைச் சுரக்கும் என்கிறது விஞ்ஞானம். அந்த இருட்டை 2012இல் அள்ளிக் கொடுத்தார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். பட்டணத்துக்காரர்களைவிட எங்கள் தூக்கத்தில் ஐந்து மடங்கு அக்கறை. அதுவும் எப்பேர்ப்பட்ட மாவட்டத்தில்? 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கி, தென்னிந்தியாவுக்கே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில். கொதிகலனும் சாம்பலும் சுரங்கமும் எங்களிடம் இருக்கட்டும், விளக்கு மட்டும் எதற்கு என்ற தெளிவு அது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறி, முந்திரியையும் பலாவையும் மின்கம்பங்களையும் சேர்த்துச் சாய்த்திருந்ததால், பல கிராமங்களுக்கு அந்த இருட்டு வைத்தியம் வாரக்கணக்கில் இடைவெளியில்லாமல் கிடைத்தது.

அந்த இருட்டு தீராத 2012 பிப்ரவரி 23ஆம் தேதி, தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தில்லியில் சொன்னது. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் தூக்கமும் அடங்கும் என்பது தீர்ப்பு. வழக்கு எங்கே முளைத்தது தெரியுமா? 2011 ஜூனில் ராம்லீலா மைதானத்தில் யோகா குரு ராம்தேவின் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை நடு ராத்திரியில் போலீஸ் அடித்து விரட்டியதில். கறுப்புப் பணத்துக்கு எதிராக யோகா குருவோடு உண்ணாவிரதம் உட்காரப் போனவர்கள் லத்தியால் எழுப்பப்பட்டதால்தான் தேசத்துக்கே தூக்க உரிமை வந்தது என்பதை யோகா மேடைகள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம். கடலூரில் அந்தத் தீர்ப்பை அன்றே எத்தனை பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். கரண்ட் இருந்தால்தானே.

கொசுவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை என்று தோண்டிய தெருக்களை ஆண்டுக்கணக்கில் மூடாமல் வைத்துக் கொசுக்களுக்குக் குளம் வெட்டிக் கொடுத்த நகரம் கடலூர், அந்தத் தர்மத்துக்கெல்லாம் சேர்த்துத்தான் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்திருக்க வேண்டும். கடிக்குப் பயந்து கதவைச் சாத்திச் சுருள் கொளுத்தினால், ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்தவர்கள் 2003இல் எழுதினார்கள். வாழ்நாளில் பீடி தொடாத மாமியாருக்கு ராத்திரிக்கு ராத்திரி இந்தப் பாக்கியம். நொச்சித் தழைப் புகை போடுங்கள், அது இயற்கை என்பார்கள். நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்று நம்புவோம்.

ஒலிபெருக்கிக்காரர்களும் சட்டத்தை மதிப்பவர்கள்தான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். குடியிருப்புக்கு ராத்திரியில் 45 டெசிபல் உச்ச வரம்பு. வருஷத்தில் 15 நாளைக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆடியில் கூழ், ஆவணியில் கல்யாணம், மார்கழியில் பக்தி, தையில் கட்சி என்று ஊருக்கு ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொண்டு அந்த 15 நாளை 365க்கு இழுத்துக் கட்டும் கணக்குத் திறமை கடவுள் கொடுத்தது.

கடவுள் என்றதும் சிதம்பரத்துக்கு வர வேண்டும். நடராஜர் கோயிலில் ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரைப் பார்க்கலாம்: ஒரு காலில் நின்று விடிய விடிய ஆடுகிறவர் ஒருவர், பாம்பணையில் நிம்மதியாகப் படுத்திருப்பவர் இன்னொருவர். ஆடுகிறவர் சன்னிதியில்தான், ராத்திரி அர்த்தசாமத்தில், எல்லாச் சிவத்தலங்களின் கலைகளும் வந்து ஒடுங்குகின்றன என்பது நம்பிக்கை. ஊர் ஊராக இருக்கிற ஈசனுக்கெல்லாம் படுக்கை இங்கே. அப்பேர்ப்பட்ட ஊரில் தூங்கிக்கொண்டிருந்த கோவிந்தராஜரை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் படுத்த வாக்கிலேயே கடலில் தள்ளினான் என்று வரலாறு சொல்கிறார்கள். அவர் மறுபடி படுக்கை போட்டுக்கொள்ள 1539இல் விஜயநகரத்து அச்சுதராயர் வர வேண்டியிருந்தது. இடையில் நானூறு வருஷம். தூங்குகிறவனை எழுப்புவதில் எங்கள் சீமையின் பாரம்பரியம் இவ்வளவு பழையது. சிப்காட்டைப் புதிய சங்கதி என்று நினைக்கிறவர்கள் சரித்திரம் படிக்காதவர்கள்.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலாரையும் தூக்கம் குறைவது நல்லது என்கிற கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். அவருடைய உபதேசத்தில் உணவுக்கு அரைப் பங்கு, தூக்கத்துக்கு அரைக்கால் பங்கு என்று அளவு உண்டு. நாளில் அரைக்கால் என்றால் மூன்று மணி நேரம். பழகிப் பழகி ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு வந்தால் ஆயிரம் வருஷம் இருக்கலாம் என்றுகூட உண்டு. அது வடலூரிலும் மேட்டுக்குப்பத்திலும் தவம் இருந்தவர் தம் வழியில் வருகிறவர்களுக்குச் சொன்னது. ஆனால் சிப்காட்டும் கொசுவும் மின்வெட்டும் ஒலிபெருக்கியும் ஒன்றாகச் சேர்ந்து, சாதனை ஏதும் செய்யாத சம்சாரிகளையும் அந்த அரைக்காலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. வள்ளலார் அதே வரிசையில் பயம் பூஜ்யம் ஆக வேண்டும் என்றும் சொன்னார். வேலை மும்முரத்தில் அது விட்டுப் போயிற்று போலிருக்கிறது.

இத்தனை நல்லவர்களுக்கு நடுவே கெடுதல் செய்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. அவர்கள் வறட்டு டாக்டர்கள். அவர்களிடம் இலை கிடையாது, வேர் கிடையாது, முதலில் மாத்திரைகூடக் கிடையாது. உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறீர்களா, தைராய்டு பார்த்தீர்களா, மனசு சரியில்லையா, எந்த ஷிஃப்ட் என்று குடைவார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, அறிவு-நடத்தை சிகிச்சைதான் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அழும்பு செய்வார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு, ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திரு. தூக்கம் வந்தால் மட்டும் படு. இருபது நிமிஷம் போல் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போ, மங்கலான வெளிச்சத்தில் உட்கார், வந்தால் திரும்பி வா. படுக்கையில் படுத்துக்கொண்டு கைபேசி பார்க்காதே, கணக்குப் போடாதே, நாளைய சண்டைக்கு ஒத்திகை பார்க்காதே. பகல் தூக்கம் கூடாது. முதல் இரண்டு வாரம் படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைத்துவிடுவார்கள். கடுப்பு மருதாணிப் பூ வாசனையைவிடச் சீக்கிரம் தலைக்கேறும். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் வேறு அறை எது என்று திருப்பிக் கேட்டால், அதற்கு மட்டும் அவர்களிடமும் பதில் இல்லை.

இதில் பொட்டலம் கட்ட ஒன்றும் இல்லை. எந்தக் கடையில் நிறுத்துப் போடுவார்கள்? யார் கைபேசியில் பகிர்வார்கள்? பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பலன் தெரிகிறது என்கிறார்கள். தெரிந்துவிட்டால் அவர் மறுபடி மருந்து வாங்க வர மாட்டார். வாடிக்கையாளரை இழப்பதற்காகவே நடத்தப்படும் வைத்தியத்தை எந்த வியாபாரி ஆதரிப்பான்?

நெய்வேலியிலும் சிப்காட்டிலும் மூன்று ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளியிடம் இந்த டாக்டரும் தோற்பார், நாட்டு மருந்துக்காரரும் தோற்பார். "பத்து மணிக்குப் படுத்துடுங்க சார்" என்பார்கள் இரண்டு பேரும். "பத்து மணிக்குத்தாங்க நான் கார்டு அடிக்கிறேன்" என்பார் அவர். ராத்திரி வேலையைப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2007லேயே வைத்துவிட்டது. அவர் வேலை செய்யும்போது வெளியே வருவதுதான் ஈச்சங்காட்டுக் கிழவியின் ஜன்னலுக்குப் போகிறது. ஒருவருக்கொருவர் விழித்துத் துணை இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் மனசுக்குச் சுகமாக இருக்கும்.

அதனால் மாவட்ட நிர்வாகத்துக்கு என்னாலான ஒரு யோசனை. அரசு ஆஸ்பத்திரிகளின் சித்தப் பிரிவில் அரசு மருந்து நிறுவனமான டாம்ப்கால் தயாரித்த அமுக்கரா சூரணம் ஏற்கெனவே இலவசம். திங்கட்கிழமை தோறும் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. வாடை, கொசு, சத்தம் என்று மனுவோடு ஜனங்கள் வருகிறார்கள். இரண்டும் இரண்டு கட்டடத்தில் இருப்பதால் வெயிலில் அலைச்சல். மனு வாங்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே சூரணத்துக்கு ஒரு மேஜை போட்டுவிட்டால் போதும். இடது கையால் மனுவை வாங்கி, வலது கையால் பொட்டலத்தைக் கொடுக்கலாம். காலை இரண்டு கிராம், ராத்திரி இரண்டு கிராம், பாலில் கலந்து ஒரு மண்டலம். பால் மட்டும் மனுதாரர் செலவு.